லாரியை வழியில் நிறுத்தினால்: ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ரோட்டில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் லாரிக்காரர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கேட்பதற்கு முன்பே கை பாக்கெட்டுக்குப் போகும். இல்லையென்றால், "எல்லா பேப்பரும் கரெக்டா இருக்கு, எதுக்கு நிறுத்துறீங்க?" என்று குரல் உயரும். இரண்டுமே செலவில்தான் முடியும். நிறுத்தியவர் எந்தத் துறை, அவர் எதைக் கேட்கலாம், எந்தப் பிரிவில் எழுதப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

தமிழ்நாட்டில் சரக்கு வண்டி ஓட்டுபவர்களையும் வைத்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அடிப்படை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019-இல் அதற்கு வந்த திருத்தம், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள். கீழே வரும் அபராதத் தொகைகள் சட்டப் புத்தகத்தில் உள்ளவை. வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் அங்கேயே கட்டி முடிக்கும் இணக்கக் கட்டணத்தை மாநில அரசு தனியாக நிர்ணயிக்கும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அதை மாற்றினார்கள். எனவே உங்கள் சலானில் வரும் தொகை கொஞ்சம் வேறாக இருக்கலாம்.

படி 1: லோடு ஏறும் முன் ஆவணங்களைப் பாருங்கள்

ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, காலாண்டு வரி கட்டிய ரசீது, ஓட்டுநர் உரிமம். இந்த ஏழும் எந்தச் சோதனையிலும் கேட்கப்படும். வெளி மாநிலம் போகும் வண்டியானால் நேஷனல் பெர்மிட்டின் வருடாந்தர அங்கீகாரமும் சேரும். பெர்மிட் ஐந்து வருடம் செல்லும், அங்கீகாரம் ஒரு வருடம்தான். பெர்மிட் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அங்கீகாரத்தை மறப்பது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடக்கிற விஷயம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது காலாவதியான எஃப்.சி. ஏனென்று விளக்குகிறேன். எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனத்தைச் செல்லுபடியாகும் பதிவு உள்ள வாகனமாகக் கருத முடியாது என்று பிரிவு 56 சொல்கிறது. அதாவது சட்டத்தின் பார்வையில் உங்கள் வண்டி பதிவே செய்யாத வண்டி. பதிவில்லாத வண்டியை ஓட்டுவது பிரிவு 39-க்கு எதிரானது. அதற்கு பிரிவு 192-இன் கீழ் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட முக்கியம், பிரிவு 207-இன் கீழ் வண்டியையே பிடித்து நிறுத்தலாம். "எஃப்.சி. ரெண்டு நாள்தானே லேட்" என்பவர்கள் இந்தச் சங்கிலியைப் பார்ப்பதில்லை. எட்டு வருடம் வரையான வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருடா வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எட்டாவது வருடம் தாண்டும்போது இந்தக் கணக்கு மாறுவதால், தேதி தவறுவது அங்கேதான் அதிகம்.

பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் பிரிவு 192ஏ-இன் கீழ் 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சின்ன சரக்கு வண்டிகளுக்கு மட்டும் பெர்மிட்டிலிருந்து விலக்கு. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறை 2,000. தொகையைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இழப்பீடு முழுக்க உரிமையாளர் தலையில்தான்.

ஓட்டுநர் உரிமத்தில் ஒரு சந்தேகம் பல வருடம் ஓடியது. கார் ஓட்டும் இலகு ரக உரிமத்தை வைத்துக்கொண்டு சின்ன சரக்கு வண்டி ஓட்டலாமா என்று. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தை அந்த உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு மேல் எடையுள்ள வண்டிக்கு அந்தந்த வகைக்கு உரிய உரிமம் வேண்டும். அது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. ரசாயனம், காஸ், பெட்ரோல் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் ஓட்டுநருக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை.

படி 2: போனில் இருப்பது எல்லாம் ஆவணம் ஆகாது

ஓட்டுநர்களின் போன் கேலரியில் ஆர்.சி. போட்டோ இருக்கும். வாட்ஸ்அப்பில் உரிமையாளர் அனுப்பியது. அது செல்லாது. செல்லுவது டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ அரசுத் தரவிலிருந்து நேராக வந்த ஆவணம்தான். டிஜிலாக்கரிலும் இரண்டு பகுதி உண்டு. துறை வழங்கிய ஆவணங்கள் ஒரு பக்கம், நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியவை இன்னொரு பக்கம். முதல் பகுதியில் இருப்பதற்குத்தான் அசலுக்குச் சமமான மதிப்பு.

இதில் லாரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். ஆர்.சி. உரிமையாளர் பெயரில் இருப்பதால் அவருடைய டிஜிலாக்கரில் கிடக்கும். வண்டியோடு போவதோ ஓட்டுநர். ஆகவே எம்-பரிவாகனில் வண்டி எண்ணைச் சேர்த்து ஓட்டுநர் போனிலேயே விவரம் தெரியும்படி செய்துவையுங்கள். நெட்வொர்க் இல்லாத மலைப்பாதைக்காக ஒரு செட் ஜெராக்ஸும் கேபினில் இருக்கட்டும். சட்டப்படி அது அசலுக்கு ஈடல்ல, ஆனால் எண்களைப் பார்த்து அதிகாரி தன் கருவியில் சரிபார்க்க உதவும்.

2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் ஒன்று உங்களுக்குச் சாதகமானது. மின்னணு முறையில் சரிபார்த்துச் சரியென்று தெரிந்த ஆவணத்தை மறுபடி காகிதமாகக் கேட்கக் கூடாது. ஒரு முறை சோதித்த விவரமும் சோதித்த அதிகாரியின் அடையாளமும் தளத்தில் பதிவாக வேண்டும், தேவையில்லாமல் திரும்பத் திரும்ப நிறுத்துவதைத் தவிர்க்க. இந்த இரண்டாவது பாதி ரோட்டில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் தெரியும்!

படி 3: நிறுத்தியவர் யார் என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். லாரியை நிறுத்தும் கை நான்கைந்து துறைகளுடையது.

வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட் என்றால் போக்குவரத்துப் போலீஸ். முழுக் காக்கி என்றால் உள்ளூர் சட்டம் ஒழுங்கு போலீஸாகவோ நெடுஞ்சாலை ரோந்தாகவோ இருக்கலாம். அதே காக்கியில் மோட்டார் வாகன ஆய்வாளரும் வருவார். ஊரில் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் அழைக்கிறார்கள். அவர் போலீஸ் அல்ல, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்காரர். சாதாரண உடையில் வந்து பில் கேட்பவர் வணிக வரித் துறையின் பறக்கும் படை. மணல், ஜல்லி, கிராவல் என்றால் கனிம வளத் துறையும் வருவாய்த் துறையும் வரும். மரம் என்றால் வனத்துறை.

சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரரும் வண்டியை நிறுத்தி ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கலாம். கான்ஸ்டபிளாக இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். "நீ கான்ஸ்டபிள், உனக்கு என்ன பவர்" என்ற வாதம் வேலைக்கு ஆகாது. மற்ற வாகன ஆவணங்களையும் கேட்கலாம். ஆனால் ஸ்பாட்டிலேயே அபராதத்தை முடித்து ரசீது கொடுக்கும் அதிகாரம் மாநில அரசு அரசாணையில் குறிப்பிட்ட பதவி நிலையில் உள்ளவருக்கு மட்டுமே. நிறுத்துவது வேறு, வசூலிப்பது வேறு. சட்டைப் பட்டையில் இருக்கும் பெயரையும் நேரத்தையும் இடத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில் விஷயத்தில் குழப்பம் அதிகம். அதைச் சோதிப்பதும், குறை இருந்தால் சரக்கைத் தடுத்து வைப்பதும் ஜி.எஸ்.டி. சட்டத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியின் வேலை. போலீஸ் கேட்டால் காட்டுங்கள், காட்டுவதில் நஷ்டமில்லை. லோடு திருட்டுச் சரக்கா என்று பார்க்கக்கூட அவர் கேட்கலாம். ஆனால் இ-வே பில் நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக வரியோ அபராதமோ வசூலிக்க அவருக்கு வழியில்லை. அந்த பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கு. வண்டி வழியில் பழுதாகி நின்றால் நேரத்தை நீட்டிக்க வேண்டியது புக்கிங் ஆபீஸின் பொறுப்பு என்று விட்டுவிடாமல், ஓட்டுநரே போன் போட்டு நினைவுபடுத்துவது நல்லது.

கனிமம் அப்படியல்ல. கனிமம் கொண்டுபோக அனுமதிக்கும் நடைச்சீட்டு இல்லாமல் மணலோ கல்லோ ஏற்றியிருந்தால் போலீஸே வண்டியைப் பறிமுதல் செய்யலாம், வழக்கும் பதியலாம். கனிமச் சட்டத்தில் இதற்கு ஐந்து வருடம் வரை சிறை. நடைச்சீட்டில் இருக்கும் நேரம், வழித்தடம், வண்டி எண் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே சீட்டில் இரண்டு நடை ஓட்டுவதும் சீட்டே இல்லாமல் ஓட்டுவதும் பிடிபடும்போது ஒன்றுதான்.

படி 4: நிறுத்துங்கள், இறங்குங்கள், பேசுங்கள்

கை காட்டினால் இடது பக்கம் ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டு நிறுத்துங்கள். இரவில் ஹெட்லைட்டை டிம் செய்து கேபின் விளக்கைப் போடுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதிகாரிக்குத் தெரிந்தாலே பேச்சின் சூடு குறையும். இறங்கியதும் கோப்பை நீட்டுங்கள்.

"எங்கிருந்துப்பா வர்ற? என்ன லோடு?"

"சங்ககிரியிலிருந்து சிமெண்ட் சார், மதுரைக்கு. பில், எஃப்.சி., பெர்மிட் எல்லாம் இதுல இருக்கு."

இவ்வளவு போதும். கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு மௌனம். முந்தின செக்போஸ்ட்டில் என்ன நடந்தது, உரிமையாளர் யாருக்கு வேண்டியவர் என்ற கதைகள் வேண்டாம். தெரிந்த பெரிய மனிதர் பெயரைச் சொல்வது சாதாரணச் சோதனையை முழுச் சோதனையாக மாற்றிவிடும்.

நிறுத்தாமல் போவதுதான் மிக மோசமான முடிவு. சட்டப்படியான உத்தரவை மதிக்காததற்கு பிரிவு 179-இல் 2,000 ரூபாய். எடை போட வரச் சொன்ன பிறகு மறுத்தாலோ, எடைக்கு முன்பே லோடை இறக்கினாலோ 40,000. வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரம் எந்தப் பிரிவிலும் இல்லை என்பது உண்மை. ஆனால் அதை ரோட்டில் நின்று வாதாடிச் சாதிக்க முடியாது. நீங்களே என்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினால் அந்தப் பேச்சே எழாது.

ஆவணம் ஒன்று கையில் இல்லையென்றால் பொய் சொல்லாமல் "ஆபீஸ்ல இருக்கு சார், கொண்டுவந்து காட்டுறேன்" என்று சொல்லலாம். சில ஆவணங்களை விதித்த காலத்துக்குள் காட்டினால் போதும் என்று பிரிவு 130-இலேயே இருக்கிறது. செல்லுபடியாகும் ஆவணம் இருந்து, கையில் மட்டும் இல்லாதவர்களுக்கான சலுகை இது. காலாவதி ஆனதற்கு அல்ல.

படி 5: வண்டியைச் சுற்றி வரும்போது

நடை போடும் அதிகாரியின் கண் போகும் வரிசை கிட்டத்தட்ட எங்கும் ஒன்றுதான். நம்பர் பிளேட், பின்பக்கச் சிவப்பு விளக்குகள், ஒளிரும் பட்டை, பின் பாதுகாப்புத் தடுப்பு, டயர், அப்புறம் லோடு. நம்பர் பிளேட்டில் சேறு படிந்து ஒரு இலக்கம் மறைந்திருந்தாலே முதல் கேள்வி அங்கே தொடங்கும். ஒளிரும் பட்டையை பாடி பெயிண்ட் அடிக்கும்போது சேர்த்து அடித்து மறைத்துவிடுகிறார்கள். நின்றிருக்கும் லாரியின் பின்னால் மோதிச் சாகும் பைக்காரர்களை நினைத்தால், இந்த ஒரு விஷயத்தில் போலீஸ் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தகும் என்பது என் கருத்து.

லோடு பாடியைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலோ, உயர வரம்பைத் தாண்டினாலோ எடை சரியாக இருந்தாலும் 20,000 ரூபாய். கம்பி, பைப், மூங்கில் ஏற்றுபவர்கள் சிவப்புத் துணி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது தமிழ்நாட்டில் கோயில் திருவிழா, கல்யாண சீசனில் தினமும் பிடிபடும் குற்றம். பெர்மிட் எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அதை மீறுவதாக அது கணக்காகும், வண்டியைத் தடுத்து வைக்கவும் பிரிவு 207 இடம் தருகிறது. வண்டி கவிழ்ந்தால் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க மறுக்கும்.

குடி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதை ஸ்பாட்டில் கட்டி முடிக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வாரண்ட் இல்லாமல் கைதும் செய்யலாம்.

நகரத்துக்குள் நுழைவு நேரக் கட்டுப்பாட்டை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தடை நேரத்தில் நுழைவது பிரிவு 115-க்கு எதிரானது, அதற்கும் தண்டனை பிரிவு 194-தான். ஓவர்லோடுக்கு உள்ள அதே 20,000. ஒவ்வொரு மாநகரத்துக்கும் நேரம் வேறு, பண்டிகைக் காலத்தில் அதுவும் மாறும். இறக்க வேண்டிய கிடங்குக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 6: எடை

லாரித் தொழிலில் பெரிய அபராதம் வருவது இங்கேதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான்.

முதலில் கணக்கு. ஆர்.சி.யில் வண்டியின் மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். வண்டியும் லோடும் டீசலும் ஆளும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. முன்னால் இரண்டு, பின்னால் நான்கு டயர் உள்ள ஆறு சக்கர லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆனது. அதை வைத்துக்கொண்டு பழைய வண்டிக்காரர்களும் புது வரம்பைப் பேசுகிறார்கள். சோதனையில் பார்ப்பது உங்கள் ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் எண்ணைத்தான்.

ஒரு எடைச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் மூன்று எண் இருக்கும். மொத்தம், வெறும் வண்டி, சரக்கு. ஆர்.சி.யில் 18,500 கிலோ, எடை மேடையில் மொத்தம் 21,500 கிலோ என்று வந்தால் மூன்று டன் கூடுதல். அடிப்படை அபராதம் 20,000, டன்னுக்கு 2,000 வீதம் 6,000, ஆக 26,000 ரூபாய். கூடுதல் லோடை இறக்கும் கூலியும் உங்களுடையது. இறக்கிய சரக்குக்கு வழியில் ஏதாவது ஆனால் அதுவும் உங்கள் பொறுப்புதான் என்று சட்டமே சொல்கிறது.

அபராதத்தைக் கட்டிவிட்டால் அதே லோடோடு போகலாம் என்பது பழைய வழக்கம். 2005-இல் உச்ச நீதிமன்றம் பரம்ஜித் பாசின் வழக்கில் அதை ஏற்கவில்லை. பணம் கட்டியதால் கூடுதல் எடையோடு ஓட்ட உரிமை கிடைத்துவிடாது, இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

அடுத்தது யாருக்கு அதிகாரம் என்பது. சந்தேகம் வந்தால் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லும் அதிகாரத்தை பிரிவு 114 தருகிறது. அது ரோட்டில் நிற்கும் எல்லாப் போலீஸுக்கும் தானாக வந்துவிடுவதில்லை. மோட்டார் வாகனத் துறையில் மாநில அரசு அதற்கென அதிகாரம் கொடுத்தவரைச் சுற்றித்தான் அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. தூரத்துக்கும் வரம்பு உண்டு. நீங்கள் போகும் திசையில் 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடை மேடையாக இருக்க வேண்டும். வந்த வழியே முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போகச் சொல்ல முடியாது. இறக்கச் சொல்லும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆக, உள்ளூர் போலீஸ் "ஓவர்லோடு மாதிரி தெரியுது" என்று நிறுத்தினால் நடக்க வேண்டியது இதுதான்: எடை போடுவது, அல்லது அதற்கு அதிகாரம் உள்ளவரை வரவழைப்பது. கண்ணால் பார்த்து டன் கணக்கு எழுதினால் அந்தச் சலான் கோர்ட்டில் நிற்பது கடினம். இதை வாய்ச்சண்டையாக ஆக்க வேண்டாம். "சார், லோடிங் பாயிண்ட் எடைச் சீட்டு இது, வேணும்னா பக்கத்து வேபிரிட்ஜ்ல போட்டுக் காட்டுறேன்" என்று நீங்களே முன்வருவது சட்டப்படியும் சரி, நடைமுறையிலும் வேலை செய்யும். லோடு உண்மையிலேயே சரியாக இருந்தால்!

சரியாகவே ஏற்றியும் எடை கூடுவது உண்டு. டேங்க் நிறைய 400 லிட்டர் டீசல் என்றால் அதுவே 330 கிலோ. பாடியை உயர்த்திக் கட்டியது, கூடுதல் டூல் பாக்ஸ், இரண்டு ஸ்டெப்னி, கனத்த தார்ப்பாய், கயிறு என்று வெறும் வண்டி எடை ஆர்.சி.யில் உள்ளதைவிடச் சில நூறு கிலோ கூடியிருக்கும். மழையில் நனைந்த மணலும் தேங்காய் நாரும் லோடிங் பாயிண்ட்டில் காட்டிய எடையில் இருக்காது. வருடத்துக்கு ஒரு முறையாவது வெறும் வண்டியை எடை போட்டு அந்தச் சீட்டை வைத்துக்கொண்டால் எவ்வளவு ஏற்றலாம் என்று நிஜமாகத் தெரியும். விளிம்பு வரை ஏற்றாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. "ஓட்டுநர்தான் ஏற்றினான், எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது. ஓவர்லோடு உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் சொல்லித்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று பிரிவு 113 வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படியிருந்தும் அபராதத்தை ஓட்டுநரின் பேட்டாவில் பிடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வாடகை கூடுதலாகக் கிடைத்தபோது லாபத்தில் அவருக்குப் பங்கு கொடுக்காதவர்கள், நஷ்டத்தில் மட்டும் பங்கு கேட்பது நியாயமில்லை.

படி 7: சலானைப் படித்துவிட்டு வாங்குங்கள்

சலானில் வண்டி எண், இடம், நேரம், குற்றம், பிரிவு, தொகை, எழுதியவர் விவரம் இருக்கும். பிரிவு எண்ணைத்தான் முதலில் பாருங்கள். 177 என்றால் பொதுவான சின்ன மீறல், முதல் முறை 500 வரை. 184 என்று போட்டிருந்தால் அபாயகரமாக ஓட்டியது, அது உரிமம் வரை போகும். அதிவேகத்துக்குக் கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை.

ஒப்புக்கொண்டால் கார்டிலோ ஆன்லைனிலோ கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அந்தக் குற்றம் அங்கே முடிந்துவிட்டது, பிறகு மறுக்க முடியாது. "கோர்ட்ல பார்த்துக்கிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எடைச் சீட்டு, டோல் ரசீது, ஃபாஸ்டேக் நேரம், ஜி.பி.எஸ். பதிவு எல்லாவற்றையும் அன்றே பத்திரப்படுத்துங்கள். நீங்கள் நாமக்கல்லில் இருந்த நேரத்தில் சேலத்தில் நுழைவுத் தடை மீறியதாகச் சலான் வந்தால், ஃபாஸ்டேக் பதிவைவிட நல்ல சாட்சி கிடையாது.

படி 8: உரிமத்தையோ வண்டியையோ எடுத்துக்கொண்டால்

ஆவணம் போலி என்று நம்பக் காரணம் இருந்தாலோ, ஓட்டுநர் சம்மனுக்கு வராமல் தப்பிவிடுவார் என்று தோன்றினாலோ பிரிவு 206-இன் கீழ் போலீஸ் உரிமத்தை எடுத்துக்கொள்ளலாம். அதிவேகம், அபாயகரமாக ஓட்டுவது, குடி போன்றவற்றில் எடுத்து, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஆனால் சம்மனுக்காக எடுக்கும் உரிமத்துக்கு கட்டாயம் தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும். உரிமம் திரும்பக் கிடைக்கும் வரை அந்தச் சீட்டைக் காட்டி ஓட்டலாம். சீட்டு இல்லாமல் உரிமத்தை விட்டுவிட்டு நகராதீர்கள். "ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கோ" என்ற வாய்ச்சொல்லோடு கிளம்பினால், அடுத்த சோதனையில் நீங்கள் உரிமம் இல்லாத ஓட்டுநர்.

வண்டியைத் தடுத்து வைப்பது பிரிவு 207. உரிமம் இல்லாத அல்லது வயது வராத ஓட்டுநர், பதிவு இல்லாமை, பெர்மிட் இல்லாமை அல்லது வழித்தடம், பகுதி, நோக்கம் பற்றிய அதன் நிபந்தனை மீறல் ஆகியவைதான் காரணங்கள். பட்டியல் அவ்வளவே. புகைச் சான்று இல்லை, பின் விளக்கு எரியவில்லை என்பதற்காக இந்தப் பிரிவில் வண்டியைப் பிடிக்க முடியாது. உரிமமோ பெர்மிட்டோ இல்லை என்ற நிலையிலும், வண்டிக்குப் பதிலாக ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ஒப்புகை கொடுத்து அனுப்ப அதே பிரிவில் இடம் இருக்கிறது. அழுகும் காய்கறி, பால், கோழி லோடு என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள். "சார், லோடு கெட்டுடும், ஆர்.சி.யை வெச்சுக்கிட்டு சீட்டு கொடுங்க" என்று கேட்டால் பல அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்கள்.

வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் மூன்று வேலை. எந்தப் பிரிவு என்று எழுத்தில் வாங்குங்கள். லோடு, டயர், பேட்டரி, டீசல் அளவு எல்லாம் தெரியும்படி சுற்றி வந்து வீடியோ எடுங்கள். உரிமையாளரையும் சரக்குக்காரரையும் உடனே அழையுங்கள். விடுவிக்க, உரிய ஆவணங்களோடு போக்குவரத்து அதிகாரியிடம் மனு கொடுக்க பிரிவு 207-இலேயே வழி இருக்கிறது.

வழக்கு பதிந்து கோர்ட்டுக்குப் போய்விட்டால், வண்டியை இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் அது பிரிவு 497, 503. பழைய சட்டத்தில் 451, 457. பிடித்த வண்டிகளைக் காவல் நிலையத்தில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னது இந்த மனுக்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கனிம வழக்கில் விடுவிப்பது இவ்வளவு சுலபமில்லை, வக்கீலோடு போங்கள்.

படி 9: ரசீது இல்லாத பணம்

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. எல்லா ஆவணமும் சரியாக இருந்தும் கேட்பார்கள். நேரத்தை மிச்சப்படுத்தக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. புகார் கொடுக்க வேண்டிய இடம் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி, பொறி வைக்க உதவியாகக் கொடுத்தாலும் குற்றமாகாது.

தனி ஓட்டுநர் புகார் கொடுத்தால் அதே சாலையில் தினமும் ஓட வேண்டியிருக்கிறதே என்ற பயம் நியாயமானது. அதனால் தேதி, நேரம், இடம், வாகன எண் ஆகியவற்றைக் குறித்து லாரி உரிமையாளர் சங்கம் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது பலன் தரும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேரிடம் வாங்கியது எழுத்தில் போகும்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அதை ஒதுக்கிவிட முடியாது. இன்னொரு பிரிவும் அதிகம் பேருக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே அதன் கீழ் ஒரு குற்றம் செய்தால் பிரிவு 210பி-இன்படி அவருக்கு இரண்டு மடங்கு தண்டனை.

படி 10: வண்டி ஷெட்டுக்கு வந்த பிறகு

மாதம் ஒரு முறை பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கேமரா சலான்களின் செய்தி ஆர்.சி.யில் உள்ள போன் எண்ணுக்குத்தான் போகும். பல வண்டிகளில் அது எப்போதோ மாறிப்போன எண்ணாகவோ, வண்டியை விற்ற ஏஜெண்டின் எண்ணாகவோ இருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள். கட்டாத சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அங்கேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டலாம், அல்லது மறுக்கலாம். நிலுவை சேர்ந்தால் எஃப்.சி.க்கோ பெர்மிட் புதுப்பிக்கவோ போகும் நாளில் கணினியில் தடை விழும். அன்று லோடு காத்திருக்கும், டிரைவர் காத்திருப்பார், தளம் மட்டும் சர்வர் கோளாறு என்று சொல்லும். எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.